மரவீடும் தேய்மானமும்

போன மாதம் வகுப்பு நண்பர்களோடு முட்டுக்காடு தட்சிணசித்ராவுக்குப் போயிருந்தேன். 1996-ல் திறக்கப்பட்ட திறந்தவெளி அருங்காட்சியகம். அங்குள்ள பல வீடுகள் மாதிரிகள் அல்ல. சொந்த ஊரில் பிரித்து, இங்கே கொண்டுவந்து மறுபடி பூட்டிய நிஜ வீடுகள்.

இந்த யோசனை பழசு. தொழிற்சாலைகள் பெருகி கிராம வாழ்க்கை மறைவதைப் பார்த்த ஆர்தர் ஹசேலியஸ், 1891-ல் ஸ்டாக்ஹோமில் ஸ்கான்சென் அருங்காட்சியகத்தைத் தொடங்கினார். பண்ணை வீடுகளை அப்படியே பெயர்த்துக் கொண்டுவந்தார்.

தட்சிணசித்ராவில் என்னை நிறுத்தியது கேரள மரவீடுகள். கோட்டயம் புதுப்பள்ளியிலிருந்து வந்த சிரியன் கிறிஸ்தவர் வீடு 1850-ல் கட்டியது. நுழைந்ததும் நெற்களஞ்சியம்! அந்தக் குடும்பத்தின் சொத்துக் கணக்கே வாசலில் இருக்கிறது.

இவை ஏன் ஊரில் நிற்கவில்லை? சொத்து பங்கானது ஒரு காரணம். கேரளத்தில் 1976-ல் நடைமுறைக்கு வந்த சட்டம் இந்துக் கூட்டுக்குடும்ப முறையையே ஒழித்தது. பெரிய வீட்டைப் பராமரிக்க ஆளில்லை.

இன்னொரு காரணம் எங்கள் பாடத்தில் இருக்கிறது. தேய்மானம் கழித்தால் பழைய வீட்டின் மதிப்பு குறையும். ஆனால் தேக்கு விலை ஏறும். வீட்டைவிட அதன் மரத்துக்கு விலை அதிகம்!

மார்த்தாண்டம் பக்கம் எங்கள் தாத்தா வீடும் அப்படித்தான் போனது. மர வியாபாரியும் பிரிக்கிறார், அருங்காட்சியகமும் பிரிக்கிறது. மறுபடி பூட்ட நினைப்பவர்கள் ஒவ்வொரு துண்டிலும் எண் எழுதுவார்கள். எங்கள் உத்தரத்தில் யாரும் எழுதவில்லை. கன அடிக் கணக்கு மட்டும்தான் எழுதினார்கள்.

உங்கள் ஊரில் மரவீடு இருந்தால் ஒரு போட்டோவாவது எடுத்து வையுங்கள். எங்களிடம் அதுகூட இல்லை.