நிக்கோபார் கைவினைகள்

நிக்கோபார் கைவினைகள்: வங்காள விரிகுடாவின் தென்கிழக்கில், அந்தமானுக்கும் சுமத்திராவுக்கும் இடையே உள்ள நிக்கோபார் தீவுகளின் பழங்குடிகள் மண், மரம், பிரம்பு, கமுகம்பாளை, தாழையோலை ஆகியவற்றால் செய்துவந்த பொருள்கள். சௌராத் தீவின் மட்பாண்டங்கள், ஹோடி எனப்படும் ஓடங்கள், கரேயாவ் என்னும் மரச்சிற்பங்கள், ஹெந்தா என்னும் ஓவியப் பலகைகள் ஆகியவை இவற்றுள் பெயர்பெற்றவை. சமைக்கவும் கடல் கடக்கவும் நோயை விரட்டவும் பயன்பட்ட இவற்றை யார் செய்யலாம், யாரிடமிருந்து யார் வாங்கலாம் என்பதற்கெல்லாம் கட்டுப்பாடு இருந்தது. சிதறிக் கிடந்த தீவுகள் ஒன்றோடொன்று உறவு விடாமல் இருந்ததற்கு அந்தக் கட்டுப்பாடே பெரிய காரணம்.

பழைய குறிப்புகள்

நிக்கோபாரியர் பேசுவன ஆஸ்திரோ ஆசிய மொழிக் குடும்பத்தைச் சேர்ந்த மொழிகள். அவர்கள் தீவுகளுக்கு வந்து சேர்ந்த காலம் பற்றி அறிஞரிடையே ஒருமித்த கருத்து இல்லை. மணிமேகலையில் வரும் நக்க சாரணர் நாட்டை இத்தீவுகளோடு பொருத்துவோர் உண்டு. அதை ஏற்காதோரும் உண்டு. முதலாம் இராசேந்திரனின் 1025ஆம் ஆண்டுக் கடற்படையெடுப்பைப் பாடும் மெய்க்கீர்த்தியில் வரும் மாநக்கவாரம் இத்தீவுக் கூட்டமே என்பது பெரும்பாலோர் கொள்கை. ஆயினும் அது வென்ற இடங்களின் பட்டியல். அங்கே வாழ்ந்தோரின் தொழிலை அதில் தேட முடியாது.

கைவினை பற்றிய மிகப் பழைய செய்தி சீனத் துறவி யீ ஜிங்கிடமிருந்து கிடைக்கிறது. ஏழாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்தியாவுக்குக் கப்பலில் வந்த அவர், ஆடையணியாத மக்கள் வாழும் தீவொன்றிலிருந்து படகுகள் கூட்டமாக வந்ததையும், தேங்காய், வாழைப்பழம் ஆகியவற்றோடு பிரம்பாலும் மூங்கிலாலும் செய்த பொருள்களைக் கொடுத்து இரும்பு கேட்டதையும் எழுதியுள்ளார். அது நிக்கோபாரே என்பது பொதுவான கருத்து. 851ஆம் ஆண்டைச் சார்ந்த அரபு நூலும் லங்காபாலூஸ் என்ற பெயரில் இதே இரும்பு வணிகத்தைச் சொல்கிறது. தீவுகளில் இரும்புத் தாது இல்லை. மரத்தைக் குடையவும் செதுக்கவும் வேண்டிய அலகு கடல் வழியே வந்தாக வேண்டும் என்பதால், நாம் இன்று அறிந்த வடிவில் ஓடமும் சிற்பமும் தொடக்கத்திலிருந்தே அயல் வணிகத்தோடு பிணைந்தவை என்று கொள்ளலாம். மார்க்கோ போலோ நூலின் சில பிரதிகள், தீவினர் வணிகரிடம் வாங்கிய பட்டுத் துணிகளை உடுத்தாமல் செல்வத்தின் அடையாளமாக வீட்டில் தொங்கவிட்டதாகக் கூறுகின்றன.

தரங்கம்பாடியில் கோட்டை கட்டியிருந்த டேனியர் 1750களின் நடுவில் அங்கிருந்தே நிக்கோபாருக்குக் குடியேற்றம் அனுப்பினர். காய்ச்சல் அவர்களை மீண்டும் மீண்டும் விரட்டியது. 1768 முதல் 1787 வரை நன்கௌரியில் தங்கிய மொராவிய ஊழியர்களில் ஒருவரான ஹென்சலின் கடிதங்கள் 1812இல் அச்சேறின. 1790களில் கல்கத்தாவின் ஏசியாட்டிக் ரிசர்ச்சஸ் தொகுதிகளிலும் தீவுகளைப் பற்றிய கட்டுரைகள் வெளிவந்தன. டென்மார்க்கின் கலாத்தியா கப்பல் 1846இலும், ஆஸ்திரியாவின் நொவாரா கப்பல் 1858இலும் வந்துசென்றன. இக்கப்பல்கள் கொண்டுபோன பொருள்கள் முறையே கோபன்ஹேகன், வியன்னா அருங்காட்சியகங்களைச் சேர்ந்தன.

மான் காலம்

டென்மார்க் தன் உரிமையை 1868இல் விற்றபின், 1869இல் ஆங்கிலேயர் கமோர்ட்டாவில் கைதிகள் குடியிருப்பு ஒன்றை அமைத்தனர். 1888இல் அது கைவிடப்பட்டது. இடைப்பட்ட ஆண்டுகளில் அங்கே பலமுறை பொறுப்பில் இருந்த எட்வர்ட் ஹொரேஸ் மான் (1846–1929) என்ற அதிகாரி, வேறு யாரும் செய்யாத அளவுக்கு இக்கைவினைகளைப் பதிவு செய்தார். நடு நிக்கோபார் மொழிக்கு அகராதி தொகுத்தார். மட்பாண்டத் தொழில் பற்றிய அவருடைய கட்டுரை 1894இல் வெளியானது. நிக்கோபார் மக்களைப் பற்றிய அவருடைய நூல் அவர் மறைவுக்குப் பின் வந்தது. ஆக்ஸ்ஃபர்டின் பிட் ரிவர்ஸ் அருங்காட்சியகத்திலும் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்திலும் அவர் திரட்டிய பொருள்கள் உள்ளன. இன்று 'மரபான நிக்கோபார்' என்று எழுதப்படுவதில் பெரும்பகுதி, உண்மையில் 1870களிலும் 1880களிலும் கமோர்ட்டாத் துறைமுகத்தைச் சுற்றி ஓர் அதிகாரி கண்டது என்பதை வாசகர் மனத்தில் கொள்வது நல்லது.

சௌராப் பானை. சௌரா ஏறக்குறைய 8 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள தட்டையான சிறு தீவு. நிக்கோபார் முழுமைக்கும் பானை அங்கிருந்துதான் வந்தது. செய்தவர்கள் பெண்கள். மண்ணோ சௌராவில் இல்லை. எதிரே உள்ள தெரசாத் தீவிலிருந்து ஓடத்தில் கொண்டுவந்தார்கள். முன்னொரு காலத்தில் சௌராவிலும் மண் இருந்து தீர்ந்துபோனது என்று சொல்வதுண்டு. மண் கைவசம் இருந்தும் தெரசாப் பெண்கள் பானை வனையவில்லை. சௌராவுக்கு வெளியே வனைந்தால் சாவு வரும் என்ற அச்சம் தீவுகளெங்கும் இருந்தது.

திரிகை கிடையாது. ஓலையை வளையமாக்கித் தரையில் இட்டு, அதன்மேல் அகன்ற தட்டு ஒன்றை வைத்து, தட்டில் வாழையிலை பரப்பி, பிசைந்த மண்ணை அடிப்பாகமாக அழுத்துவார்கள். பிறகு மண்ணைத் திரியாக உருட்டி வட்டம் வட்டமாக ஏற்றி, கையாலேயே சுவரை எழுப்புவார்கள். காய்ந்தபின் சிப்பியால் சுரண்டி மெல்லிதாக்குவார்கள். சூளை என்று தனியாக எதுவும் கட்டுவதில்லை. பானையைச் சுற்றி விறகைச் சாய்த்துச் சுட்டார்கள். இதற்கடுத்த வேலைதான் இப்பானைகளை உலகின் வேறெந்தப் பானையோடும் குழப்பாமல் அடையாளம் காட்டுகிறது. நெருப்பிலிருந்து எடுத்த சூடு ஆறுமுன், பச்சைத் தேங்காய் மட்டையின் ஈரக் கீற்றுகளைப் பானை உடம்பில் ஒற்றுவார்கள். மட்டைச் சாறு பட்ட இடமெல்லாம் கருங்கோடாகப் பதிந்துவிடும். மற்ற இடம் செம்பு நிறமாக நிற்கும். அழியாத அந்தக் கோடுகளுக்குத் தூரிகையும் இல்லை, சாயமும் இல்லை. அருங்காட்சியகக் கண்ணாடிக்குள் நூறாண்டுக்கு மேல் இருந்த பானைகளிலும் அவை தெளிவாகத் தெரிகின்றன.

பானைகள் கைப்பிடி அளவிலிருந்து பன்றி இறைச்சியை விருந்துக்குச் சமைக்கும் பேரளவு வரை பல வகை. ஒவ்வோர் அளவுக்கும் தனிப் பெயர் உண்டு. நிக்கோபாரியரின் முக்கிய உணவான தாழைக் கனியைப் பெரிய பானையில் நெடுநேரம் அவித்து, நாரை நீக்கி, சதையைத் திரட்டிக் கட்டியாக்கினர். பெரிய பானை வீட்டுச் செல்வமாகவும் மதிக்கப்பட்டது.

ஹோடி. ஒற்றை மரத்தைக் குடைந்து, நெருப்புக் காட்டி அகலப்படுத்தி, ஒரு பக்கம் மிதப்புக்கட்டை பூட்டிய ஓடம் இது. புன்னை இன மரங்கள் இதற்கு உகந்தவை. கட்டுகள் எல்லாம் பிரம்பு. இலங்கையின் ஒருவ, பிலிப்பைன்ஸின் பங்கா ஆகியவையும் மிதப்புக்கட்டை மரபினவே. எது எதிலிருந்து வந்தது என்பது முடிவாகாத கேள்வி. காடு வளம் மிக்க நடு, தென் தீவுகளில் மரம் வெட்டி ஓடம் செய்தார்கள். வடக்கே கார் நிக்கோபாரில் பெரிய ஓடத்துக்கான மரம் குறைவு. ஆனாலும் கார் நிக்கோபாரியர் செய்தவரிடம் நேரே வாங்கவில்லை. ஓடம் சௌராவுக்கு வந்து, அங்குள்ளோர் கைபட்டபின்தான் வடக்கே போகும். அப்படி வராத ஓடம் கடலில் காக்காது என்பது நம்பிக்கை.

இதனால் கார் நிக்கோபார் ஆண்கள் ஏறக்குறைய 70 கிலோமீட்டர் திறந்த கடலைக் கடந்து சௌராவுக்குப் பயணம் செய்தனர். முதன்முறை செல்லும் இளைஞர்கள் சடங்குகளுக்கு உட்பட்டனர். சௌராவின் இந்த இடைத்தரகு எப்படி நிலைபெற்றது? மந்திரத்தில் வல்லவர்கள் என்று சௌராவினருக்கு இருந்த புகழே காரணம் என்று பழைய எழுத்தாளர்கள் சொன்னார்கள். நல்ல தண்ணீரும் விளைநிலமும் குறைந்த ஒரு தீவு பட்டினி கிடக்காமல் இருக்க மற்றத் தீவுகள் ஒப்புக்கொண்ட ஏற்பாடு இது என்பது பிற்கால விளக்கம். இரண்டும் ஒன்றையொன்று மறுப்பன அல்ல. இத்தொகுப்பாளருக்கு இரண்டாவது விளக்கம் கூடுதல் பொருத்தமாகப் படுகிறது.

கரேயாவ். நோய் என்பது ஈவி எனப்படும் ஆவிகளின் வேலை என்று நடுத் தீவுகளில் நம்பினர். மென்லுவானா என்னும் மருத்துவப் பூசாரி, நோயாளிக்காக இன்ன உருவம் செய்ய வேண்டும் என்று சொல்வார். மனிதன், கழுகு, முதலை, மீன், கப்பல், பாதி மனிதனும் பாதி விலங்குமான உருவம் என அது எதுவாகவும் இருக்கலாம். ஆளுயர உருவங்களும் உண்டு. முத்துச்சிப்பிக் கண்கள், ஓங்கிய கை, சில வேளை தலையில் ஐரோப்பியத் தொப்பி. ஆவியை அச்சுறுத்துவதே அதன் பணி. பிலிப்பைன்ஸின் இஃபுகாவோ மக்கள் நெற்களஞ்சியத்தைக் காக்க வைக்கும் புலுல் மரவுருவங்களை இவற்றோடு ஒப்பிடலாம். ஆனால் புலுல் தலைமுறை தலைமுறையாகக் கைமாறுவது, கரேயாவோ உரியவர் இறந்ததும் பெரும்பாலும் காட்டில் எறியப்பட்டது. எறிந்தவற்றுள் பல சேகரிப்பாளர் கைக்குப் போயின.

ஹெந்தா. பலகையிலோ கமுகம்பாளையிலோ தீட்டப்படும் இதுவும் மென்லுவானாவின் சொற்படி நோயாளிக்காகச் செய்யப்பட்டதே. மேலே ஞாயிறும் திங்களும். நடுவே குடில், தென்னை, ஆடும் மக்கள், பன்றி. கீழே கடல், அதில் மீன், முதலை, கப்பல், கடற்கன்னி. பலவற்றில் தெயுசே எனப்படும் உருவம் ஐரோப்பிய உடையில் நிற்கும். அவரைச் சுற்றிக் கண்ணாடி, கரண்டி, கடிகாரம், நாற்காலி. தெயுசே என்ற பெயர் போர்த்துக்கீசியரிடமிருந்து வந்தது என்பதில் ஐயமில்லை. அவர் கிறித்தவக் கடவுளா, பழைய படைப்புத் தெய்வம் புதிய உடை தரித்ததா, அன்றிச் செல்வம் நிறைந்த கப்பல் தலைவரா என்பதில் கருத்து வேறுபாடு நீடிக்கிறது. நோயாளியின் படுக்கையருகே உலகம் முழுவதையும் ஒரு பலகையில் நிறுத்தி, இவ்வளவும் இருக்கிறது, இருந்து வாழ் என்று நல்ல ஆவிகளையும் நோயாளியையும் ஒருங்கே அழைக்கும் படம் இது என்று கொள்வதே அதன் அமைப்புக்கு நெருக்கமானது.

பிற. தாழையோலைப் பாய்கள், பிரம்புக் கூடைகள், இரட்டைத் தேங்காய் ஓட்டு நீர்க்கலங்கள், குறுக்குவில், கால்களின் மேல் உயர்ந்து நிற்கும் வட்டக் கூரை வீடு ஆகியவையும் குறிப்பிடத்தக்கவை. பெரிய நிக்கோபாரின் ஷொம்பென் மக்கள் மரப்பட்டையைத் தட்டித் துணியாக்கினர்.

இருபதாம் நூற்றாண்டு

1901இல் போடன் கிளாஸும் அமெரிக்கரான வில்லியம் அபட்டும் தீவுகளைச் சுற்றிவந்தனர். அபட்டின் சேகரிப்பு ஸ்மித்சோனியன் நிறுவனத்துக்குச் சென்றது. கார் நிக்கோபாரில் 1896 முதல் 1909 வரை பள்ளி நடத்திய தமிழ்ப் போதகர் வேதப்பன் சாலமனின் நாட்குறிப்புப் பகுதிகளும் 1902இல் அச்சாயின. தீவுச் சடங்குகளை அன்றாடம் பார்த்து எழுதிய ஒரு தமிழரின் சான்று என்ற வகையில் அது தமிழில் இன்னும் அதிகம் பேசப்பட வேண்டியது. அவருடைய மாணவரான ஜான் ரிச்சர்ட்சன் (1884–1978) பின்னாளில் ஆயரானார். முதல் மக்களவையின் நியமன உறுப்பினராகவும் இருந்தார். 1942–45 ஜப்பானிய ஆக்கிரமிப்புக்குப் பின் தீவினர் பெருவாரியாகக் கிறித்தவம் தழுவினர். ஆவி விரட்டும் சடங்குகள் தளர, கரேயாவும் ஹெந்தாவும் நோயாளி வீட்டிலிருந்து விலகின. கூட்டுறவுக் கடைகளோடு அலுமினியப் பாத்திரம் வந்தது; சௌராப் பானைக்கு விருந்தும் சடங்குமே எஞ்சின. வெளியார் நுழைவைக் கட்டுப்படுத்தும் பழங்குடிப் பாதுகாப்பு ஒழுங்குவிதி 1956இல் வந்தது.

2004க்குப் பின்

26 டிசம்பர் 2004 ஆழிப்பேரலை கடலோர ஊர்களை அழித்தது. ஓடங்களும் வட்ட வீடுகளும் போயின. சௌரா மக்கள் சிலகாலம் தெரசாவில் தங்கவைக்கப்பட்டுத் திரும்பினர். நிவாரணமாக எவர்சில்வர் பாத்திரம், தகரக் கூரை, விசைப்படகு ஆகியவை வந்தன. ஓடப் போட்டிகள் விழாக்களில் தொடர்கின்றன. நிக்கோபாரி ஹோடி, நிக்கோபாரிப் பாய், நிக்கோபாரிக் குடில் ஆகியவை அண்மையில் புவிசார் குறியீடு பெற்றுள்ளன.

சௌராவுக்கும் பிற நிக்கோபார் தீவுகளுக்கும் செல்லப் பழங்குடிப் பகுதி அனுமதி தேவை. அனுமதியின்றியும் இப்பொருள்களைக் காண விரும்புவோர், போர்ட் பிளேர் என முன்பு வழங்கிய ஸ்ரீ விஜயபுரத்தில் இந்திய மானிடவியல் ஆய்வகம் நடத்தும் அருங்காட்சியகத்துக்குச் செல்லலாம்.