விரால் மீனுக்கான செயற்கை இரைகள்

விரால் மீனுக்கான செயற்கை இரைகள் என்பவை, உயிருள்ள தவளை, சிறுமீன் முதலியவற்றுக்குப் பதிலாகத் தூண்டில் நரம்பில் கட்டி எறியப்படும் போலி இரைகள் ஆகும். தூண்டில்காரர்களிடையே இவை லூர் என்னும் ஆங்கிலப் பெயராலேயே வழங்குகின்றன. விரால் (சன்னா ஸ்ட்ரையேட்டா) தெற்காசியாவிலும் தென்கிழக்காசியாவிலும் ஏரி, குளம், வாய்க்கால், நெல்வயல் முதலியவற்றில் வாழும் ஊனுண்ணி நன்னீர் மீனாகும். இதனை 1793ஆம் ஆண்டில் ஜெர்மானிய இயற்கையியலாளர் பிளாக் அறிவியல் முறைப்படி விவரித்தார். எந்த இரை பயன்தரும் என்பது நீர்மட்டம், கலங்கல், வெப்பநிலை ஆகியவற்றைப் பொறுத்து ஆண்டு முழுவதும் மாறுகின்றது. வடகிழக்குப் பருவமழையால் நிரம்பும் தமிழ்நாட்டு ஏரி குளங்களுக்கும், அதே மழையை நம்பியிருக்கும் இலங்கையின் வட, கிழக்குப் பகுதிக் குளங்களுக்கும் கீழ்வரும் பருவப் பகுப்பு பொருந்தும்.

மீனின் இயல்பு

விராலின் செவுள்களுக்கு மேலே காற்றைச் சுவாசிக்க உதவும் அறை ஒன்று உள்ளது. வளர்ந்த விரால் நீரில் கரைந்துள்ள ஆக்சிசனை மட்டும் கொண்டு உயிர்வாழ இயலாது. வலையில் சிக்கி மேற்பரப்புக்கு வர முடியாமற்போனால் அது மூச்சுமுட்டி இறந்துவிடும். ஆகவே நீர் எவ்வளவு தெளிவாக இருப்பினும் அது இடையிடையே மேலே வந்து காற்றை விழுங்கிச் செல்கின்றது. நீர் சூடாக இருக்கும்போது இவ்வரவு அடிக்கடி நிகழும். அப்போது மேற்பரப்பில் எழும் வளையத்தைக் கண்டே மீன் இருக்கும் இடத்தை அறிகின்றனர். இரையை எங்கே எறிவது என்பதை இவ்வளையம் காட்டிவிடுவதால், பையில் எத்தனை இரைகள் உள்ளன என்பதைவிடச் சிறிது நேரம் கரையில் அமைதியாக நின்று நீரைப் பார்ப்பதே கூடுதல் பயன் தரும்.

விரால் துரத்தி வேட்டையாடுவதைவிடப் பதுங்கியிருந்து பாய்வதையே விரும்பும். அல்லி, தாமரை, கோரை, ஆகாயத்தாமரை ஆகியவற்றின் அடியில் கிடந்து, மேலே செல்லும் தவளை, மீன்குஞ்சு, இறால், பூச்சி முதலியவற்றைக் கவ்வும்.

இரை வகைகள்

விராலுக்கு மிகுதியாகப் பயன்படுவது தவளை வடிவ இரையே. இதன் உடல் உள்ளீடற்ற மென்மையான பிளாஸ்டிக்கால் ஆனது. நீளம் பெரும்பாலும் 4 முதல் 6 செ.மீ. வரை இருக்கும். இரட்டை முள்ளின் கூர்முனைகள் முதுகின் இருபுறமும் உடலோடு ஒட்டி மேல்நோக்கி அமைந்திருக்கும். இதனால் செடிகளின் மேல் இழுத்தாலும் சிக்குவதில்லை. மீன் கவ்வியதும் உடல் அமுங்கி முட்கள் வெளிப்படும். நீர் சிதறிய அக்கணமே கோலை இழுத்துவிடுவது தொடக்கநிலையாளர்களின் வழக்கமான பிழையாகும். மீன் இரையை வாய்க்குள் கொண்டு திரும்புவதற்கு ஓரிரு நொடி விட்ட பின்னரே இழுக்க வேண்டும். செடிக் கூட்டத்திலிருந்து மீனை வெளிக்கொணர வேண்டியிருப்பதால், தடித்த பின்னல் நரம்பும் விறைப்பான கோலும் தேவைப்படுகின்றன.

மரத்தால் செதுக்கிய தவளையைத் தூண்டிலில் பயன்படுத்தும் முறை, அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தைச் சேர்ந்த ஜேம்ஸ் ஹெடன் என்பவரால் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் பெயர்பெற்றது. அங்கு இது பாஸ் என்னும் மீனுக்கானதாக இருந்தது. மலேசியாவிலும் தாய்லாந்திலும் திண்மையான ரப்பர் உடலும், பின்னால் சுழலும் சிறு தகடும் கொண்ட தவளை இரைகள் விராலுக்கென்றே உருவாயின.

தவளைக்கு அடுத்து, நீரைக் கலக்கி ஒலியெழுப்பும் விசிறியுள்ள பஸ்பெய்ட், தகடு சுழலும் ஸ்பின்னர், கரண்டி வடிவிலான ஸ்பூன், வாலசைக்கும் மென்பிளாஸ்டிக் மீன் ஆகியன பயன்படுகின்றன. வெளியே தொங்கும் மும்முனை முட்கள் கொண்ட மர மீன்கள் கடையில் அழகாகத் தோன்றினாலும், செடி மண்டிய குளத்தில் முதல் எறிதலிலேயே சிக்கிக்கொள்ளும்.

பருவங்கள்

கோடைக் காலத்தில், அதாவது பங்குனி முதல் ஆனி வரை, நீர்மட்டம் இறங்கி ஏரியின் பரப்பு சுருங்குகின்றது. சூடான நீரில் ஆக்சிசன் குறைந்து பிற மீன்கள் சோர்வுற்றாலும், காற்றைச் சுவாசிக்கும் விரால் அவ்வளவாகப் பாதிக்கப்படுவதில்லை. விடியற்காலையிலும் பொழுது சாயும் நேரத்திலும் அது இரை தேடும். நண்பகலில் செடிகளின் நிழலில் ஒதுங்கும். செடிப் படலத்தின் மேல் தவளை இரையை மெல்ல இழுத்து, இடைவெளி தென்படும் இடத்தில் நிறுத்தி வைப்பதே இப்பருவத்துக்குரிய முறையாகும். நீர் மேலும் வற்றிச் சேறாகக் கலங்கிய பின்னர் மீனின் பார்வைக்குப் பயன் குறைவு. அப்போது உடலின் பக்கக்கோட்டால் உணரத்தக்க அதிர்வை எழுப்பும் ஸ்பின்னர் அல்லது பஸ்பெய்ட் பொருந்தும்.

எனினும் வற்றிய குளத்தில் எளிதாகப் பிடிபடுபவை, அடுத்த மழையில் இனம்பெருக்க வேண்டிய தாய்மீன்களே ஆகும். முற்றிலும் வற்றினால் விரால் ஈரச் சேற்றில் புதைந்து மழைவரை உயிர்தாங்கும் ஆற்றல் உடையது. மதுரை, சிவகங்கை, புதுக்கோட்டை ஆகிய மாவட்டங்களில் கண்மாய் வற்றும் காலத்தில் ஊரே திரண்டு ஊத்தா, கச்சா, வலை கொண்டு மீன்பிடிக்கும் மீன்பிடித் திருவிழா நடைபெறுகின்றது. இது தூண்டிலுக்குத் தொடர்பற்ற கூட்டு அறுவடையாகும்.

புதுமழை பெய்து வாய்க்கால்களில் நீர் வரத் தொடங்கும்போது நிலைமை முற்றிலும் மாறுகின்றது. வடகிழக்குப் பருவமழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை நீடித்து, தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறத்தாழப் பாதியைத் தருகின்றது. விரால் நீர்வரத்தை எதிர்த்து வாய்க்காலிலும் வயலிலும் ஏறும். தவளைகள் கத்தி இனம்பெருக்கும் காலமும் இதுவே என்பதால், தவளை இரை இயற்கையோடு மிக ஒத்துப்போவது இப்பருவத்தில்தான். நீர் கலங்கியிருப்பதால் ஒலியும் குமிழியும் எழுப்பும் வகைகள் நன்று. நிறத்தில் கறுப்பு அல்லது வெள்ளை போதுமானது. கீழிருந்து நோக்கும் மீனுக்கு வானத்தின் பின்னணியில் இரையின் நிழலுருவமே முதன்மையாகத் தெரியும். முதுகில் தீட்டப்பட்ட புள்ளிகளும் கோடுகளும் பெரும்பாலும் வாங்குபவரின் கண்ணுக்கானவை.

கார்த்திகையில் ஏரி நிரம்பிக் கலிங்கு வழியும்போது மீன்கள் பரந்த நீரில் சிதறிவிடுகின்றன. ஓரிடத்தில் நின்று காத்திருப்பதைவிட, செடியில் சிக்காத ஸ்பூனை விரைவாக இழுத்துப் பல இடங்களைத் தேடுவது பயன்தரும்.

மார்கழி, தை மாதங்களில் நீர் தெளிந்து குளிர்ந்திருக்கும். மீன் குளிர்இரத்த உயிரி ஆதலால் செரிமானம் மந்தமாகி இரை தேடலும் குறையும். மேற்பரப்பில் வேகமாகச் செல்லும் இரையை அது பின்தொடர்ந்து வந்து, கவ்வாமல் திரும்பிவிடுவதுண்டு. முள் உடலுக்குள் மறைந்த சிறிய மென்பிளாஸ்டிக் மீனைச் செடியோரத்தில் மெதுவாக அமிழவிடுவது இப்பருவத்தில் சிறந்தது. தெளிந்த நீரில் பளிச்சிடும் நிறங்களைவிடக் குளத்தின் சிறுமீன்களை ஒத்த மங்கிய பச்சை, பழுப்பு நிறங்கள் ஏற்றவை. கோடைக்கு மாறாக, கரையோர ஆழங்குறைந்த நீர் வெயிலில் சூடேறும் நண்பகலே உகந்த நேரமாகும்.

குஞ்சு காக்கும் காலம்

விரால் மழைக்காலத்தில் மிகுதியாக இனம்பெருக்குகின்றது. செடிகளிடையே துப்புரவாக்கிய இடத்தில் இடப்படும் முட்டைகள் மிதப்பவை. அவற்றிலிருந்து வரும் குஞ்சுகள் செம்மஞ்சள் நிறத்தில் திரளாக நீந்தும். அவையும் காற்றைச் சுவாசிக்க மேலே வருவதால், மேற்பரப்பில் மழைத்துளி விழுவது போன்ற கொதிப்பு ஓரிடத்தில் காணப்படும். பெற்றோர் மீன்கள் பல நாட்கள் அதன் அடியிலேயே நின்று காவல் புரிகின்றன.

இத்திரளின் குறுக்கே எறியப்படும் எவ்விரையையும் பெற்றோர் மீன் தாக்கும். இது பசியால் அன்று, குஞ்சைக் காக்கவே. ஆகையால் இங்கே இரைத் தேர்வு என்ற பேச்சுக்கே இடமில்லை; எறிபவரின் திறமைக்கும் இது சான்றாகாது. பெற்றோர் அகற்றப்பட்டால் காவலற்ற குஞ்சுகளைப் பிற மீன்கள் உண்டுவிடும். ஒரு மீனுக்காக ஓராண்டின் விளைச்சல் இழக்கப்படுகின்றது. எனவே பொறுப்புள்ள தூண்டில்காரர்கள் குஞ்சுத் திரளைக் கண்டால் இரையைச் சுருட்டிக்கொண்டு வேறிடம் செல்கின்றனர். பிடித்த மீனை உடனே விட்டுவிட்டால் போதும் என்ற வாதமும் உண்டு. ஆனால் மீன் கரையில் கிடக்கும் சில நிமிடங்களிலேயே குஞ்சுகள் தாக்கப்படக்கூடும்.

அமெரிக்காவில் நிலைமை நேர்மாறானது. விராலின் உறவினமான வடக்கு விரால் (சன்னா ஆர்கஸ்) 2002ஆம் ஆண்டில் மேரிலாந்து மாநிலத்தின் குளமொன்றில் காணப்பட்டது. 2004ஆம் ஆண்டில் பொட்டோமாக் ஆற்றிலும் கண்டறியப்பட்டது. அயல் ஊடுருவியாகக் கருதப்படும் இம்மீனைப் பிடித்தவர் கொன்றுவிடுமாறு அங்குள்ள அலுவலர்கள் வேண்டுகின்றனர். குஞ்சு காக்கும் மீனைப் பிடிப்பதும் அங்கு குற்றமாகக் கருதப்படுவதில்லை. தவளை இரை மட்டும் இரு நாடுகளிலும் ஒன்றே.

உயிர்த்தவளையும் செயற்கைத் தவளையும்

சிறு தவளையை முள்ளில் கோத்து விரால் பிடிப்பது தென்னிந்தியாவில் பழைய முறையாகும். நெற்பயிரைத் தாக்கும் பூச்சிகளைத் தவளைகள் உண்பதால் அவற்றின் அழிவு உழவரைப் பாதிக்கின்றது. தவளைக்கால் ஏற்றுமதியை இந்திய அரசு 1987ஆம் ஆண்டில் தடைசெய்தது. செயற்கைத் தவளை பலமுறை பயன்படுவதோடு உயிர்த்தவளையின் தேவையையும் நீக்குகின்றது.

அதே வேளையில், அறுந்து செடியில் தங்கிவிடும் பின்னல் நரம்பு எளிதில் மக்குவதில்லை. நாரை, நீர்க்காகம், தாழைக்கோழி போன்ற பறவைகளின் கால்களில் அது சுற்றிக்கொள்கின்றது. அடர்ந்த செடிக்குள் எறிய வேண்டிய பருவங்களில் மெல்லிய நரம்பைத் தவிர்ப்பதற்கு, மீன் தப்பிவிடும் என்பதோடு இதுவும் ஒரு காரணமாகும்.