கண்டி மாநகரும் அதன் நகர மண்டபமும்

கண்டி மாநகரிலே அதிகாரம் குடியிருந்த இடங்கள் இரண்டு உள. ஒன்று, அரசன் கொலுவிருந்த மகுல் மடுவ. மற்றொன்று, மாநகரசபையின் தலைமையகமாகிய துனுவில வளவு.

மகுல் மடுவவின் திருப்பணியை 1783இல் தொடங்கியவன் இராஜாதி ராஜசிங்கன். சித்திர வேலைப்பாடமைந்த மரத்தூண்கள் தாங்கும் திறந்த மண்டபம் அது. நாயக்க வமிசத்தின் இறுதி மன்னனாகிய ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் சிறைப்பட்டபின், 1815 மார்ச் 2ஆம் நாள், கண்டி இராச்சியத்தைப் பிரித்தானிய முடிக்கு உரித்தாக்கிய ஒப்பந்தம் அம்மண்டபத்திலேயே நிறைவேறிற்று. வேந்தன் முறைசெய்த மண்டபத்தில் பின்னர் ஆங்கிலேயரின் நீதிமன்றம் கூடிற்று.

1865ஆம் ஆண்டின் மாநகரசபைக் கட்டளைச் சட்டம் கண்டிக்கு ஒரு நகரசபையை அளித்தது. அதன் முதற் கூட்டம் 1866 மார்ச் 20இல் நடைபெற்றது. அது கோப்பிப் பயிர் கொழித்த காலம். மறுவருடமே கொழும்பிலிருந்து புகையிரதமும் வந்து சேர்ந்தது. எனினும் இச்சபை ஆங்கில நாட்டு நகரசபைகளின் அச்சு அன்று. ஆங்கே 1835ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி வரியிறுப்போர் உறுப்பினரைத் தெரிந்தனர். உறுப்பினர் தம்முள் ஒருவரை நகர முதல்வராக்கினர். கண்டியிலோ, தெரிவான உறுப்பினர் சிலர் இருந்தும், தலைமைப் பீடத்தில் வீற்றிருந்தவர் மத்திய மாகாண அரசாங்க அதிபரே. வரியிறுத்தவன் வாய்திறக்கலாம், தலைமை தாங்கல் ஆகாது. இதனை நகராட்சி என்பதினும் அதிபராட்சி என்பதே பொருந்தும்.

1870இல் சபை துனுவில வளவிற் குடிபுகுந்தது. வளவு என்பது சிங்களப் பிரதானியரின் மனை. யாழ்ப்பாணத்தார் வீடும் காணியும் சேர்ந்த நிலத்தைக் குறிக்க வழங்கும் சொல்லும் இதுவே. கொழும்பு 1928இல் வெண்குவிமாடத்தோடு புதிய நகர மண்டபம் ஒன்றை எழுப்பிக்கொண்டது. கண்டியோ பழைய பிரதானியின் வீட்டோடே அமைந்தது. கட்டடம் உள்நாட்டது, நாற்காலி பிறநாட்டது என்னும் விந்தை நெடுங்காலம் நீடித்தது.

கொழும்பு மாநகரின் முதல் மேயராக 1937இல் தெரிவானவர் தமிழரான டாக்டர் இரத்தினசோதி சரவணமுத்து. கண்டி மேலும் இரண்டாண்டு காத்திருந்தது. 1939இல் சேர் குடா ரத்வத்தை முதல் மேயராகத் தெரிவானபோது சபைக்கு வயது எழுபத்துமூன்று.

மகாவலிக்கு அப்பால் உள்ள குண்டசாலையில் நரேந்திரசிங்க மன்னன் அரண்மனை அமைத்து வாழ்ந்தான். அதனை அடுத்த பல்லேகலையிலே பிற்காலத்தில் மத்திய மாகாணசபை இடங்கொண்டது. 1987இன் அரசியலமைப்புத் திருத்தத்தால் தோன்றிய சபை அது. 2018 ஒக்டோபரில் அதன் பதவிக்காலம் முடிந்தது. அதன்பின் ஆண்டுகள் பல தேர்தலின்றிக் கழிய, மாகாணத்தின் ஆட்சி ஆளுநரிடம் சேர்ந்தது. ஆளுநர் மக்களால் தெரிவுசெய்யப்படுபவர் அல்லர். குடியரசுத் தலைவரால் நியமிக்கப்படுபவர்.