வழக்கொழிந்த வடிவங்களும் வாழும் விதிகளும்: ஸ்பானிய மொழியின் அரிய வினைக்காலங்களைக் கற்பது குறித்து

ஸ்பெயினின் தண்டனைச் சட்டம் 1995இல் புதிதாக இயற்றப்பட்டது. அதன் 138ஆம் பிரிவு கொலையைப் பற்றியது. ‘ஒருவன் இன்னொருவனைக் கொன்றால்’ என்று நாம் சொல்லும் இடத்தில் அந்தப் பிரிவு கையாளும் வினை ‘மத்தாரெ’. காயம் விளைவிப்பதைப் பற்றிய 147ஆம் பிரிவில் ‘கவ்சாரெ’ வருகிறது; திருட்டைப் பற்றிய 234இல் ‘தொமாரெ’. மத்ரித் நகரக் கடைத்தெருவில் இந்த வடிவங்களை எவரும் பேசிக் கேட்க முடியாது. வழக்குரைஞர்கூட நீதிமன்றத்தை விட்டு வெளியே வந்தால் இப்படிப் பேசமாட்டார். ஆனாலும் 1978ஆம் ஆண்டின் அரசியலமைப்பு, அரசர் ஆளும் தகுதியை இழக்க நேர்ந்தால் என்ன செய்வது என்று சொல்லும் 59ஆம் பிரிவில், இதே வடிவத்தைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்துகிறது.

இதற்கு எண்ணப்பாங்கின் எதிர்காலம் என்று பெயர் வைத்துக்கொள்வோம். நிகழ்ந்ததை நிகழ்ந்தபடி சொல்வது நேர்ப்பாங்கு. வேண்டியதை, ஐயுற்றதை, இனி நேரக்கூடியதைச் சொல்வது எண்ணப்பாங்கு. ஸ்பானிய வினை இந்த இரண்டு பாங்குகளிலும் தனித்தனியே காலம் காட்டும். பாடநூல்கள் வினைவாய்பாட்டின் கடைசி வரிசையில் இந்த எதிர்காலத்தைப் போட்டு, ‘இன்று வழக்கில் இல்லை’ என்று ஒரு குறிப்போடு கடந்துவிடுகின்றன. அதே மூலையில் வேறு சில வடிவங்களும் ஒதுங்கிக் கிடக்கின்றன. மாணவர் இவற்றையெல்லாம் ஒரே கூட்டமாகப் பார்த்து, உயர்நிலைத் தேர்வு எழுதுவோருக்கான அலங்காரம் என்று முடிவுகட்டிவிடுகிறார். அந்த முடிவு இரண்டு வகையில் பிழையானது. இவை ஒரே இனம் அல்ல. மேலும், முதல் ஆண்டிலேயே மாணவரைத் திணறடிக்கும் சில விதிகளுக்கான விளக்கம் இந்த அரிய வடிவங்களுக்குள்தான் இருக்கிறது.

எழுத்துப்பெயர்ப்பு பற்றி ஒரு சொல். ஸ்பானிய மொழியில் குறில் நெடில் வேறுபாடு இல்லை; அழுத்தம் மட்டுமே உண்டு. அழுத்தம் விழும் அசையை இங்கே நெடிலால் காட்டுகிறேன்.

எண்ணப்பாங்கின் எதிர்காலம் லத்தீனின் இரண்டு வடிவங்கள் ஒன்றாய்க் கலந்து பிறந்தது: ‘அமாவெரோ’ என்ற நேர்ப்பாங்கு முற்றெதிர்காலமும் ‘அமாவெரிம்’ என்ற எண்ணப்பாங்கு முற்றுவடிவமும். பழைய ஸ்பானியத்தில் அதன் வேலை தெளிவானது. ‘வந்தால்’, ‘வரும்போது’, ‘எங்கே போனாலும்’, ‘யார் கேட்டாலும்’ ஆகிய அனைத்துக்கும், நிகழ்ச்சி இன்னும் நேரவில்லை, நேரக்கூடும் என்றால், இந்த ஒரு வடிவமே போதும். 1554இல் அச்சேறிய ‘லசரீயொ தெ தோர்மெஸ்’ நாவலிலும், 1605இலும் 1615இலும் இரு பாகங்களாக வெளிவந்த ‘தோன் கிஹோத்தெ’யிலும் இது உயிரோடு நடமாடுகிறது. பிறகு மெல்லத் தேய்ந்து பேச்சிலிருந்து விலகியது. ‘தோந்தெ ஃபுவேரெஸ், ஆஸ் லொ கெ வியேரெஸ்’ என்ற பழமொழியில் இன்றும் எல்லார் வாயிலும் வருகிறது: எந்த ஊருக்குப் போகிறாயோ அங்கே காண்பதைச் செய் என்பது பொருள்.

அது விலகிய பிறகு நடந்ததுதான் மொழி கற்பவருக்கு முக்கியம். அதன் சொத்து இரண்டு வாரிசுகளுக்குப் பாகப்பிரிவினை ஆனது. ‘சி வினியேரெ’ (வந்தால்) என்றிருந்த இடத்தை நேர்ப்பாங்கு நிகழ்காலம் எடுத்துக்கொண்டது: ‘சி வியேனெ’. ‘குவாந்தொ வினியேரெ’ (வரும்போது) என்றிருந்த இடம் எண்ணப்பாங்கு நிகழ்காலத்துக்குப் போனது: ‘குவாந்தொ வேங்க’. இன்றைய மாணவர் இந்த இரண்டையும் அருகருகே பார்த்துக் குழம்புகிறார். இரண்டுமே நாளை நடக்கவிருப்பதைச் சொல்பவை. வருவது உறுதியில்லாத ‘சி’ வாக்கியத்துக்கு உறுதிகாட்டும் நேர்ப்பாங்கு. கிட்டத்தட்ட உறுதியான ‘குவாந்தொ’ வாக்கியத்துக்கு ஐயம்காட்டும் எண்ணப்பாங்கு. தர்க்கப்படி பார்த்தால் தலைகீழாக இருக்கிறது. ஆசிரியர்கள் பெரும்பாலும் “‘சி’க்குப் பிறகு எண்ணப்பாங்கு நிகழ்காலம் வராது, அவ்வளவுதான்” என்று சொல்லி மனப்பாடம் செய்யச் சொல்கிறார்கள். ஒரு காலத்தில் இந்த இரண்டு இடங்களிலும் ஒரே வடிவம் நின்றது என்று காட்டினால், விதி நியாயமாகிவிடாது; ஆனால் அதற்கு ஒரு வரலாறு கிடைக்கும். வரலாறு உள்ள விதியை மறப்பது கடினம்.

இங்கே ஓர் எச்சரிக்கை வேண்டும். ‘சி’யோடு நேர்ப்பாங்கு நிகழ்காலம் வருவது பழைய ஸ்பானியத்திலும் உண்டு, இரண்டு வடிவங்களும் நெடுங்காலம் போட்டியிட்டன. எனவே மறைந்த வடிவம் ஒன்றே எல்லாவற்றுக்கும் காரணம் என்று சொல்ல முடியாது. அந்த இடத்தில் எண்ணப்பாங்கு நிகழ்காலம் வேர்பிடிக்காமல் போனதற்கு, அங்கே ஏற்கெனவே இரண்டு பேர் குடியிருந்தது ஒரு காரணம் என்று சொல்லலாம். அதற்கு மேல் போவது மிகை. போர்ச்சுகீசியம் இதற்கு நல்ல ஒப்புநோக்கு. அங்கே இந்த எதிர்காலம் சாகவில்லை. ‘வந்தால்’ என்பதற்கும் ‘வரும்போது’ என்பதற்கும் இன்றும் ‘வியேர்’ என்ற ஒரே வடிவம்தான். லிஸ்பனிலும் சாவோ பாவ்லோவிலும் குழந்தைகள்கூடப் பேசும் வினையை, பக்கத்து மொழியில் நீதிபதிகள் மட்டும் எழுதுகிறார்கள்.

தமிழ் மாணவருக்கு இந்த நிலை புதிதல்ல. ‘வரின்’, ‘தவறின்’, ‘தேவைப்படின்’ என்னும் ‘இன்’ ஈற்று வினையெச்சத்தைத் தொல்காப்பியம் ‘செயின்’ என்ற வாய்பாட்டால் குறிக்கிறது. பேச்சில் அதன் இடத்தை ‘வந்தால்’ என்னும் வடிவம் முழுவதுமாகப் பிடித்துக்கொண்டது. ஆனாலும் அரசாணையிலும் விண்ணப்பப் படிவத்திலும் ‘தவறின் நடவடிக்கை எடுக்கப்படும்’ என்று அது தொடர்கிறது. நாம் யாரும் அதைப் பேசுவதில்லை; படித்தால் புரியாதவரும் இல்லை. ஸ்பானிய மாணவரிடமும் இந்த அளவு தேர்ச்சியை எதிர்பார்த்தால் போதும். இன்னொரு ஒற்றுமையும் உண்டு. ‘வந்தால்’ என்பது இறந்தகால அடியின் மேல் நிற்கிறது. ஆனால் பேசுவது நாளையைப் பற்றி. ‘வினியேரெ’யும் அப்படியே இறந்தகால அடியில் நின்று எதிர்காலத்தைச் சொல்கிறது. ஸ்பானிய வடிவத்துக்கு எண் இட விகுதிகள் உண்டு, தமிழ் எச்சத்துக்கு இல்லை என்பதால் ஒப்புமையை இதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

கற்கும் செலவோ மிகக் குறைவு. இறந்தகாலப் படர்க்கைப் பன்மையை எடுத்துக்கொள்ளுங்கள்: ‘அப்லாரொன்’ (பேசினார்கள்), ‘வினியேரொன்’ (வந்தார்கள்). கடைசி ‘ரொன்’ஐ நீக்கிவிட்டு ‘ர’ சேர்த்தால் ‘அப்லார, வினியேர’; ‘செ’ சேர்த்தால் ‘அப்லாசெ, வினியேசெ’; ‘ரெ’ சேர்த்தால் ‘அப்லாரெ, வினியேரெ’. முதல் இரண்டும் எண்ணப்பாங்கின் இறந்தகாலம், மூன்றாவது எதிர்காலம். ஒழுங்கற்ற வினைகளுக்குப் பெயர்போன இந்த மொழியில் விலக்கே இல்லாத விதிகள் மிகச் சில. இது அவற்றுள் ஒன்று. இறந்தகாலம் படித்தவர் எவரும் ஒரே வகுப்பில் மூன்றையும் கற்றுவிடலாம். மூன்றாவதை மட்டும் பிரித்தெடுத்து நான்காம் ஆண்டுக்குத் தள்ளுவதற்கு இலக்கணக் காரணம் ஏதுமில்லை. கவனிக்க வேண்டியது ஒன்றுதான்: ‘அப்லாரெ’ என்பதும் ‘அப்லரே’ என்பதும் அழுத்தத்தால் மட்டுமே வேறுபடுகின்றன. பின்னது ‘பேசுவேன்’ என்னும் சாதாரண எதிர்காலம். பதினாறாம் நூற்றாண்டு அச்சுநூல்களில் அழுத்தக்குறி ஒழுங்காக இடப்படவில்லை என்பதால், பழைய பதிப்புகளைப் படிப்பவர் சூழலைக் கொண்டுதான் எது எது என்று தீர்மானிக்க வேண்டும்.

ஒதுங்கிக் கிடக்கும் இரண்டாவது வடிவத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ‘ஊபொ அப்லாதொ’, அதாவது ‘பேசி முடித்த உடனே’ என்பது போன்ற முன்னிறந்தகாலம். ‘உடனே’, ‘பின்பு’ என்று பொருள்படும் இணைப்புச் சொற்களுக்குப் பிறகே அது வரும். முன்பின் வரிசையை அந்த இணைப்புச் சொல்லே சொல்லிவிடுவதால் வினைக்குத் தனி வேலை இல்லாமல் போயிற்று. சாதாரண இறந்தகாலம் அதன் இடத்தில் வந்து உட்கார்ந்தது. பழைய நாவல் படிப்பவர் அடையாளம் கண்டுகொண்டால் சரி. இதைப் பயிற்சிநூல்களில் நிரப்பச் சொல்வது நேரவிரயம் என்றே கருதுகிறேன்.

உண்மையான பொறி மூன்றாவதில் இருக்கிறது. அது வாய்பாட்டின் மூலையில் இல்லை, நட்டநடுவில் இருக்கிறது. ‘அப்லார’ என்ற வடிவத்தை எல்லா மாணவருக்கும் தெரியும், எண்ணப்பாங்கின் இறந்தகாலமாக. ஆனால் அது பிறப்பால் எண்ணப்பாங்கே அல்ல. லத்தீனின் ‘அமாவெராம்’, ‘நேசித்திருந்தேன்’ என்னும் நேர்ப்பாங்கு, அதன் தாய். எண்ணப்பாங்காகவே பிறந்தது ‘அமாவிஸ்ஸெம்’ வழியாக வந்த ‘அப்லாசெ’தான். நிபந்தனை வாக்கியங்களின் வழியே ‘ர’ வடிவம் மெல்ல எண்ணப்பாங்குக்குள் நுழைந்து, கடைசியில் உடன்பிறப்பையே ஓரங்கட்டியது. அமெரிக்கக் கண்டத்தின் பேச்சில் ‘செ’ வடிவம் இன்று அபூர்வம். பழைய குணம் மட்டும் முழுதாகப் போகவில்லை. செய்தித்தாளில் ‘எல் கெ ஃபுவேர அல்கால்தெ’ என்று வந்தால், ‘மேயராக இருந்திருக்கக்கூடியவர்’ என்று மாணவர் பொருள்கொள்கிறார். உண்மையில் ‘முன்னாள் மேயர்’ என்பதே பொருள். கலீசிய மொழியில் இந்த வடிவம் இன்றும் நேர்ப்பாங்காகவே வழங்குகிறது. ஸ்பானியத்திலோ பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கற்பனாவாத எழுத்தாளர்கள் பழங்கதைப் பாடல்களின் வாசனைக்காக இதைத் தூசு தட்டி எடுத்தார்கள். இதழாளர்கள் இன்றுவரை விடவில்லை.

‘மத்தாரெ’யைப் பார்த்த மாணவர் அகராதியைத் திறப்பார்; தெரியாததைத் தெரியாதது என்று அறிவார். ‘ஃபுவேர’வைப் பார்ப்பவர் தெரிந்ததாக எண்ணிக் கடந்துவிடுவார். பிழையாகப் படித்தோம் என்பதே அவருக்குத் தெரியாது. அரிதான பொருளில் வரும் பழகிய வடிவம், அரிய வடிவத்தைவிட ஆபத்தானது. பாடநூல்கள் வடிவங்களை எண்ணுகின்றனவே தவிரப் பொருள்களை எண்ணுவதில்லை.

‘ர’ வடிவத்தின் பிறப்பு இன்னொன்றையும் விளக்கும். உணவகத்தில் பணிவாகக் கேட்க முதல் வாரத்திலேயே கற்றுத்தரும் சொல் ‘கிசியேர’, ‘வேண்டும் என்றிருந்தேன்’ போன்ற ஒரு தணிந்த குரல். ‘ர’ வடிவமும் ‘செ’ வடிவமும் சமம் என்றுதானே வாய்பாடு சொல்கிறது, அப்படியானால் ‘கிசியேசெ’ என்று கேட்கலாமா? கூடாது, காதுக்கு ஒவ்வாது. முதன்மை வாக்கியத்தில் இப்படித் தனித்து நிற்கும் உரிமை பெரும்பாலும் நேர்ப்பாங்கில் பிறந்த ‘ர’வுக்கே எஞ்சியிருக்கிறது.

அரிது என்ற முத்திரையே சில இடங்களில் பொய். ‘அப்ரா யெகாதொ’ என்ற முற்றெதிர்காலத்தைப் பல பாடநூல்கள் ‘நாளை இந்நேரம் வந்து சேர்ந்திருப்பார்’ என்ற பொருளில் மட்டும் காட்டி, அதிகம் பயன்படாதது என்கின்றன. அந்தப் பொருளில் அது அரிதுதான். ‘இந்நேரம் வந்து சேர்ந்திருப்பார்’ என்று ஊகமாகச் சொல்லும்போது அது அன்றாட வழக்கு. ‘செரான் லஸ் ஓச்சொ’ என்றால் ‘மணி எட்டு இருக்கும்’. எதிர்கால விகுதியால் நிகழ்கால ஊகத்தைச் சொல்வது தமிழனுக்கு மூச்சு விடுவது போல. இதற்குப் பயிற்சியே தேவையில்லை. ஆனால் அயல்மொழி வழியாக ஸ்பானியம் படிக்கும் நம் மாணவருக்கு அதை யாரும் சுட்டிக்காட்டுவதில்லை.

பெயர்களின் குழப்பம் வேறு. அந்த்ரேஸ் பேயோ (1781–1865) கராகாஸில் பிறந்து சான்டியாகோவில் மறைந்தவர். அமெரிக்கர்களுக்கென்று அவர் 1847இல் வெளியிட்ட இலக்கணம் காலங்களுக்குப் புதுப்பெயர்கள் இட்டது. மெக்சிகோவின் பள்ளிகளில் அவற்றின் செல்வாக்கு இன்றும் உண்டு. ஸ்பெயினின் அரச மொழிக்கழகமோ வேறு பெயர்களைப் பயன்படுத்துகிறது. ஒரு நாட்டுப் பாடநூலிலிருந்து இன்னொரு நாட்டு நூலுக்கு மாறும் மாணவர், தெரிந்த காலத்தையே புதிய காலம் என்று நினைத்துத் திகைப்பார். பேயோவிடம் நமக்கு வேண்டியது இன்னொன்று. அவர் எண்ணப்பாங்கின் எதிர்காலத்தைப் பொது எண்ணப்பாங்கிலிருந்து பிரித்து, நிபந்தனைக்கென்றே உரிய தனிப்பாங்காக வகுத்தார். சிலியின் குடிமைச் சட்டத்தை, 1855இல் இயற்றப்பட்டதை, எழுதியவரும் அவரே. அதன் பக்கங்களில் ‘ஃபுவேரெ’யும் துணைவினையான ‘உபியேரெ’யும் நிறைந்து கிடக்கின்றன. பேச்சில் மங்கிவிட்ட ஒரு வினையை இலக்கணத்தில் பெயரிட்டும் சட்டத்தில் பணியமர்த்தியும் வைத்தவர் ஒரே மனிதர். அதே பேயோ ‘ர’ வடிவத்தின் பழைய நேர்ப்பாங்கு வழக்கைத் தவிர்க்க வேண்டிய பழமை என்று கண்டித்தார். அவர் ஏற்றது சட்டத்தோடு நின்றது. அவர் வெறுத்தது செய்தித்தாளில் செழிக்கிறது.

எனவே, படித்தறியும் திறனையும் ஆளும் திறனையும் பிரித்து வைக்க வேண்டும். ‘ரெ’ வடிவத்தை இறந்தகாலம் முடிந்த கையோடு, பழமொழி ஒன்றும் சட்டப்பிரிவு ஒன்றும் காட்டி, அடையாளம் காண மட்டும் கற்பிக்கலாம். ‘எல் கெ ஃபுவேர’ போன்ற செய்தித்தாள் வழக்கை எண்ணப்பாங்குப் பாடத்தோடே சேர்த்துவிட வேண்டும். பின்னால் தள்ளினால் தவறான வாசிப்பு ஊறிப்போகும். எழுதச் சொல்ல வேண்டியது சட்டம், ஒப்பந்தம் மொழிபெயர்ப்போரை மட்டுமே. அங்கும் ஸ்பானியரே தடுக்கிவிழும் இடம் ஒன்று உண்டு: சட்ட வாசனைக்காக, முடிந்துபோன நிகழ்ச்சிகளுக்கும் ‘உபியேர’ வர வேண்டிய இடத்தில் ‘உபியேரெ’ என்று எழுதிவிடுவது. விற்பவர் பொருளை ஒப்படைத்திருந்தால் என்ற ஒப்பந்த வரியில், ‘ரெ’ என்றால் ஒப்படைப்பு இனிமேல் நிகழக்கூடியது. ‘ர’ என்றால் வாக்கியம் கடந்ததை நோக்குகிறது, பல இடங்களில் அது நிகழவே இல்லை என்றும் குறிப்பால் உணர்த்துகிறது. வாய்பாடு ஒப்பிப்பதற்குப் பதிலாக, இத்தகைய இரட்டை வரிகளைக் கொடுத்து, பொருள் கைமாற இன்னும் வாய்ப்பிருக்கிறதா என்று கேட்பதே மொழிபெயர்ப்பு மாணவருக்குரிய தேர்வு.