காட்டுக் காளானும் காக்கும் கலையும்

மழைக்குப் பின் முளைத்து, இரண்டொரு நாளில் அழுகி மறைவது காளான். நிலையாமைக்கு எடுத்துக்காட்டாகச் சொல்லத்தக்க இவ்வுணவை ஆண்டு முழுவதும் உண்ணும் பொருளாக ஆக்கிக்கொண்டவர்களுள் உருசிய நாட்டு உழவர் குடிகள் குறிப்பிடத்தக்கவர்கள்.

தேவையே அதற்குக் காரணம். நீண்ட பனிக்காலத்தில் அந்நிலம் விளைச்சல் தருவதில்லை. அன்றியும், அவர்தம் திருச்சபை வகுத்த நோன்பு நாட்கள் ஆண்டில் ஏறக்குறைய 200. அந்நாட்களில் இறைச்சி, பால், முட்டை ஆகியன விலக்கு, காளானுக்கு விலக்கில்லை. ஆகவே கோடையின் இறுதியில் பெண்களும் சிறுவரும் கூடையேந்திக் காடு புகுந்தனர். 16ஆம் நூற்றாண்டில் எழுந்த 'தமஸ்த்ரோய்' என்னும் இல்லற நூல், வீட்டில் சேமிக்கத்தக்க பொருள்களுள் உலர்ந்த காளானையும் உப்பிட்ட காளானையும் சேர்த்துரைக்கிறது.

காக்கும் முறை இனத்துக்கு இனம் வேறுபட்டது. உலர்ந்தாலும் உள்ளே கருக்காத இனம் 'வெள்ளைக் காளான்' எனப் பெயர் பெற்றது. அதனை நூலில் கோத்து அடுப்பின் மேல் உலர்த்தினர். பத்துக் கிலோ காளான் காய்ந்து ஏறத்தாழ ஒரு கிலோவாகும். காரமான பால் வடியும் இனங்களை நாள்தோறும் நீர் மாற்றி ஊறவைத்து, சதகுப்பை, பூண்டு, உப்பு ஆகியவற்றுடன் மரப்பீப்பாயில் அடுக்கி, மேலே கல்லேற்றிப் பல வாரங்கள் வைத்தனர்.

டால்ஸ்டாயின் 'அன்னா கரீனினா' புதினத்தில் காளான் பறிக்கும் காட்சி ஒன்று உண்டு. தன் காதலைச் சொல்ல வந்த ஒருவர், சொல்லாமல், இருவகைக் காளான்களின் வேறுபாட்டை வினவுகிறார். தலையில் வேறுபாடு அரிது, தண்டில்தான் உள்ளது என்று வாரென்கா விடை பகர்கிறாள். காதல் கைநழுவுகிறது. ஆனால் அவ்விடையில் தலைமுறைகளின் கல்வி அடங்கியிருக்கிறது. கொடிய நச்சுக் காளானையும் அதன் தண்டின் அடியில் உள்ள உறையைத் தோண்டிப் பார்த்தே பலரும் இனங்காண்கின்றனர்.

20ஆம் நூற்றாண்டில் உறைய வைக்கும் முறை பரவியது. லாப்ரடார் பனிநிலத்தில் பழங்குடியினர் மீனை நொடிப்பொழுதில் உறையவிடுவதைக் கண்ட அமெரிக்கர் கிளாரன்ஸ் பேர்ட்ஸ்ஐ, 1930இல் விரைந்து உறைந்த உணவுகளைக் கடைக்குக் கொணர்ந்தார். மெல்ல உறைந்தால் பனித்துகள்கள் பெரிதாகித் திசுவைக் கிழிக்கும். விரைந்து உறைந்தால் அவை சிறியனவாகவே நிற்கும். காளானில் பத்தில் ஒன்பது பங்கு நீர். எனவே அதனை முதலில் கொதிக்கவைத்தோ வதக்கியோ, நீர் வடித்து, ஆறவிட்டு, சிறு பொதிகளாகச் சுழியத்துக்குக் கீழ் 18 பாகையில் உறையவைக்கின்றனர். பச்சையாக உறைந்த சில இனங்கள் கசந்துவிடும்.

ஆயினும் குளிர் எதையும் தூய்மை செய்வதில்லை. நச்சுக் காளானின் நஞ்சு கொதிநீரிலும் அழியாது, பனியிலும் அழியாது. 1986 ஏப்ரல் 26 அன்று நிகழ்ந்த செர்னோபில் விபத்துக்குப் பின், காட்டு மண்ணில் படிந்த சீசியம்-137ஐச் சில காளான்கள் மிகுதியாக ஈர்த்துக்கொண்டன. அதன் வீரியம் பாதியாகக் குறைய 30 ஆண்டுகள் வேண்டும். ஊறவைத்து, வேகவைத்து, அந்நீரைக் கொட்டும் பழைய வழக்கமே அதன் அளவைக் குறைக்க உதவியது.

காப்பவர் கையில் கொடுத்தது எதுவோ, அதுவே காக்கப்படும். நல்லதும் நிலைக்கும், நஞ்சும் நிலைக்கும். ஆதலால் காக்கும் கலை பீப்பாயிலோ குளிர்ப்பெட்டியிலோ தொடங்குவதில்லை. காட்டில் குனிந்து, தண்டைப் பார்த்து, இது வேண்டும், இது வேண்டா எனத் தெரிந்தெடுக்கும் கையில் தொடங்குகிறது.