கோயில் கட்டிய பாடகி

திருச்செந்தூர் போனவர்கள் நாழிக்கிணறு பக்கம் மூவர் சமாதியைப் பார்த்திருப்பீர்கள். முருகன் கோயில் திருப்பணிக்குப் பாடுபட்ட மௌன சுவாமி, காசி சுவாமி, ஆறுமுக சுவாமி மூவரும் அடங்கிய இடம். கோயில் கட்டியவர்களை ஊர் மறக்கவில்லை. சரி, கட்டியவர் ஒரு பெண்ணாக, அதுவும் பாடகியாக இருந்தால்?

அதற்குப் பதில் திருவையாற்றில், காவிரிக் கரையில் இருக்கிறது. தியாகராஜர் சன்னதியைப் பார்த்தபடி ஒரு பெண்ணின் சிலை. அவர்தான் பெங்களூர் நாகரத்தினம்மாள் (1878–1952). தேவதாசி குலத்தில் பிறந்து, சென்னையில் பெரிய பாடகியாகப் பேர் வாங்கியவர்.

தியாகராஜர் மறைந்தது 1847-ல். அவர் சமாதி கவனிப்பார் இல்லாமல் கிடக்கிறது என்று கேள்விப்பட்ட நாகரத்தினம்மாள், தன் நகைகளையும் கச்சேரியில் சம்பாதித்ததையும் போட்டு அங்கே கோயில் எழுப்பினார். பிறகு கும்பாபிஷேகம் நடந்தது.

வேடிக்கை என்னவென்றால், அங்கே நடந்த ஆராதனையில் பாட அவருக்கே இடமில்லை! அப்போது இரண்டு கட்சிகள் போட்டி போட்டு ஆராதனை நடத்தின. எல்லாவற்றிலும் சண்டை, பெண்கள் பாடக்கூடாது என்பதில் மட்டும் ஒற்றுமை. அவர் சும்மா இருக்கவில்லை. 1927-ல் பெண்களைத் திரட்டித் தனியாகவே ஆராதனை தொடங்கினார். 1940-களின் தொடக்கத்தில் எல்லோரும் ஒன்றாகச் சேர்ந்தார்கள். பெண்களும் பாடினார்கள்.

அவர் மீட்டது தியாகராஜர் நினைவை மட்டும் அல்ல. 18-ஆம் நூற்றாண்டில் தஞ்சை அரசவையில் இருந்த முத்துப்பழனி என்ற பெண், 'ராதிகா சாந்தவனம்' என்ற தெலுங்குக் காவியத்தை எழுதியிருந்தார். பின்னால் அதை அச்சிட்டவர்கள் பல பாடல்களை வெட்டிவிட்டார்கள். நாகரத்தினம்மாள் சுவடியைத் தேடிப் பிடித்து 1910-ல் முழுதாகப் பதிப்பித்தார். ஒரு பெண் சிருங்காரம் எழுதுவதா என்று எதிர்ப்பு கிளம்பியது. ஆங்கிலேய அரசு புத்தகத்தையே தடை செய்தது. சுதந்திரத்தை ஒட்டித்தான் தடை நீங்கியது.

ஒரு பெண் கலைஞருக்குச் சிலை கிடைத்தது சந்தோஷம்தான். ஆனால் அது நிற்கும் கோயிலை அவரே தன் காசில் கட்ட வேண்டியிருந்ததே!

நம் தென்பாண்டிச் சீமையில் கொடைக்குக் கொடை வில்லுப்பாட்டு பாடிய பெண்களும், மேடை நாடகத்தில் நடித்த பெண்களும் எத்தனையோ பேர். அவர்களிடம் விற்க நகையும் இல்லை, கட்ட நிலமும் இல்லை. பேருந்து நிலையச் சுவரில் ஓர் ஓவியம், தெருமுனையில் ஒரு பெயர்... அதையாவது நாம் செய்யலாமே?