வின்செஸ்டர் மாளிகை: கதையும் சான்றும்

கலிபோர்னியாவின் சான் ஹோசே நகரில் உள்ள வின்செஸ்டர் மாளிகை விக்டோரியாக் காலக் கட்டடக் கலையின்பாற்பட்டது. அதனைப் பேய் உறையும் மனை என்பர். துப்பாக்கி வணிகத்தாற் செல்வம் பெற்ற குடும்பத்தின் கைம்பெண்ணாகிய சாரா வின்செஸ்டர், அத்துப்பாக்கிகளால் மாண்டோரின் ஆவிகட்கு அஞ்சி, 1886 முதல் தாம் இறந்த 1922 வரை இரவும் பகலும் ஓயாது கட்டுவித்தார் என்பது கதை. கூரையில் முட்டும் படிக்கட்டும் வெற்றிடத்தில் திறக்கும் கதவும் ஆவிகளை மயக்க அமைந்தவை என்றும் கூறுவர்.

இக்கூற்றுச் சான்றொடு பொருந்துமாறில்லை. வேலையை அவர் இடையே நிறுத்தியமை அவர்தம் கடிதத்தால் விளங்கும். 1906 ஆம் ஆண்டு நிலநடுக்கத்தில் ஏழடுக்குக் கோபுரம் வீழ்ந்தது. அது மீண்டும் எழுப்பப்படவில்லை. மேற்பகுதிகள் அழிந்தமையாற் படியும் கதவும் பயனற்று நின்றன எனக் கொள்ளலே பொருத்தமாம். உயரம் மிகக் குறைந்த படிகளோ மூட்டுவாதத்தால் வருந்தியவர் ஏறுதற்கென அமைந்தவை. மேரி ஜோ இக்னாஃபோ 2010 இல் வெளியிட்ட வாழ்க்கை வரலாறு கதையின் வலுவின்மையை விரித்துரைக்கின்றது.

எனினும், 1923 முதற் காட்சிமனையாகி, இன்று திருமணமும் விருந்தும் நிகழும் அம்மாளிகையிற் பேய்க்கதையே முன்னிற்கின்றது. அக்கதை மனைக்குப் புகழ் ஈட்டியது. கணவரையும் ஒரே குழவியையும் இழந்த பெண்ணுக்கோ பித்தர் என்னும் பழியை ஈந்தது. செவிவழிச் செய்தியைச் சான்றாகக் கொள்ளுமுன், அதனாற் பயன்பெறுவார் யாவர் என வினவுதல் ஆய்வாளர் கடன்.